மைனஸ் இருபது மீட்டர்

செவ்வக வடிவ வயலொன்றின் நீளம்
அகலத்தைவிட எட்டு மீட்டர் அதிகம்.
பரப்பு இருநூற்று நாற்பது சதுர மீட்டர் எனில்
அகலம் காண்க.

அகலம் x என்க, என்று எழுதிவிட்டுத் திரும்புகிறேன்.
களக்காட்டில் எவரும் 'என்க' என்று பேசுவதில்லை.
பத்தாம் வகுப்பு பி பிரிவில், மதியச் சாப்பாட்டுக்குப் பின்,
கரும்பலகையின் இடது ஓரத்தில் மட்டும்
அந்தச் சொல்லுக்குக் குடியிருப்பு.
எழுதினால் ஒரு மார்க்.

"எரநூத்து நாப்பதுன்னா ஆறு சென்டுகூட வராது டீச்சர்.
அதப் போயி வயலுன்னு போட்டிருக்காவ."
பலவேசம். சன்னலோரம், கடைசி பெஞ்சு.
"அறுவது ஏத்தன் வைக்கலாம். காத்தடிச்சா அதுவும் இல்ல."
வகுப்பு சிரிக்கிறது.
நானும்தான், போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு.

காரணிப்படுத்துகிறோம்.
இருபதையும் பன்னிரண்டையும் கண்டுபிடிக்க
சம்சியாவுக்கு நான்கு நொடி,
மற்றவர்களுக்குச் சம்சியாவின் நோட்டு.
x = 12. x = −20.

இந்த இடத்தில், பதினேழு வருடமாக,
என் கை தானாகவே எழுதும் வரி ஒன்று உண்டு:
அகலம் குறை எண்ணாக இருக்க இயலாது,
எனவே −20 ஏற்கத்தக்கதல்ல.
அடித்துவிட்டு, பன்னிரண்டுக்குக் கட்டம் போடுவேன்.
இப்படி எத்தனையைத் தள்ளியிருப்பேன்.
பிறக்குமுன்பே வயதான மகன்களை,
புறப்பட்ட ஊருக்கும் பின்னால் ஓடிய ரயில்களை.
தள்ளிய விடைகளுக்கென்று
யாரும் தனி நோட்டு வைத்ததில்லை.

அவன் கையைத் தூக்கவில்லை, எழுந்தே விட்டான்.
"போட்டுப் பாத்தேன் டீச்சர். அதுவும் சரியா வருது."
"எது வருது?"
"அகலம் மைனஸ் இருவது. எட்டக் கூட்டுனா
நீளம் மைனஸ் பன்னெண்டு. ரெண்டையும் பெருக்குனா
அதே எரநூத்து நாப்பது.
வயலு இருக்கு டீச்சர்."

பார்த்தேன். இருக்கிறது.
வரப்பு ஒரு சாண் பிசகவில்லை.
பூச்சியத்துக்கு அந்தப் பக்கம்
கால் வைக்க முடியாத ஒரு வயல்.

"எங்கல கெடக்கு அந்த வயலு?"
கேட்டது முன் பெஞ்சு ஆமோஸ்.
"ஒத்தியில."

இந்த முறை பாதிப் பேர்தான் சிரித்தார்கள்.
மீதிப் பேர் வீட்டிலும் அந்த வயல் இருக்கிறது.

எனக்கு அடுத்த கணக்குக்குப் போக வேண்டும்.
பாடத்திட்டம் டிசம்பருக்குள் முடிய வேண்டும்.
"ஏல, பரீட்சையில தள்ளுபடின்னு எழுது.
இல்லன்னா ஒரு மார்க் போயிரும்" என்றேன்.

"தள்ளுபடியா டீச்சர்?
எலெக்ஷனப்போ அதத்தான் சொன்னாவ.
சொசைட்டிக் கடனுக்கு மட்டுந்தானாம்,
ஒத்திக்குக் கெடையாதாம்."
சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.
குரலில் கேலி இல்லை,
விடையைச் சரிபார்த்துச் சொல்லும் குரல்.

அரையாண்டுத் தேர்வில்
அதே கணக்கு வந்தது, தொடர்வண்டி வேஷத்தில்.
வேகம் x என்க. ஒரு மார்க்.
சமன்பாடு, காரணி, எல்லாம் சரி.
கடைசியில் இரண்டு விடைக்கும் கட்டம் போட்டிருந்தான்,
மைனஸுக்குக் கொஞ்சம் பெரிய கட்டம்.
விடைக்குறிப்பு விடைக்குறிப்புதான்.
ஒரு மார்க்கைக் குறைத்தேன்.

வடிவியல் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.
தொடுகோடு வரைய அவனிடம் காம்பஸ் கிடையாது.
வாழைத்தார் வெட்டும் நாட்களில் ஆளும் கிடையாது.
எல்லாவற்றையும் கூட்டினால்
முப்பத்து நான்கு.

மணி பதினொன்று. வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று.
சிவப்பு மைப் பேனாவை மூடி, திறந்து,
முதல் பக்கத்திலிருந்து
இன்னொரு தடவை கூட்டுகிறேன்.